யாரும் திறக்காத அழைப்பிதழ்

அத்தியாயம் ஒன்பது

கல்யாணத்துக்கு அட்டை அடிப்பதா, போனிலேயே அனுப்பிவிடுவதா என்று போன வாரம் அந்த வீட்டில் மூண்ட சண்டை ஒருவழியாக முடிந்திருந்தது. ஜெயித்தவள் மணப்பெண் சுஹைலாதான். விரலால் தட்டினால் பூ மலர்ந்து, பாட்டுப் பாடி, மண்டபத்துக்கு வழியும் காட்டி, 'வருகிறீர்களா?' என்று கேட்கவும் செய்யும் அழைப்பிதழ். அப்பா மிஸ்வான் மகள் பக்கம் சாய்ந்துவிட்டார். அம்மா சல்பியா, "உன் கல்யாணம், உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பலாக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

அவள் பலாக்காய் நறுக்க உட்கார்ந்தால் சண்டை முடிந்தது என்று அர்த்தமில்லை. ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மூவார் ஊருக்குள் ஆற்றிலிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. அம்மாவும் மகளும் கூடத்தில் பாய் விரித்து, விருந்தாளிகள் கையில் கொடுத்தனுப்பும் அவித்த முட்டைக்கான சின்னப் பைகளுக்குத் துணிப்பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் குளுவாங்கில் இருந்து வருகிறார்கள். ஊதா நிறம்தான் வேண்டுமென்று அவர்கள் சொல்லியனுப்பியதால் வீடெங்கும் ஊதாத் துணி.

"மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் அட்டையை அனுப்பிடறேன் மக். நேரம் நல்ல நேரம்தானே?" என்றாள் சுஹைலா. அம்மா அவளுக்கு 'மக்', அப்பா 'அபா'.

"போன்ல அனுப்பறதுக்கு நல்ல நேரம் என்ன, கெட்ட நேரம் என்ன?" என்றாள் சல்பியா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

சுஹைலா வாய் திறக்குமுன் சல்பியாவின் போன் அடித்தது. பின்தெரு ரபேயா.

"பியா, உங்க வீட்டு அட்டை வரலையே, வரலையேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நேத்து சாயங்காலம் வந்துச்சு. ஆனா திறக்கவே மாட்டேங்குது லா. 'உள்ள ஏத்து, உள்ள ஏத்து'ங்குது. என் பேரன் வந்து பிடுங்கி வச்சுட்டான்."

"எந்த அட்டை?"

"உன் வீட்டுக்காரர் அனுப்பினதுதான்."

சல்பியா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மகளைப் பார்த்தாள். "நீ அபாகிட்டச் சொல்லி அனுப்பச் சொன்னியா?"

"நான் இன்னும் யாருக்குமே அனுப்பலையே!"

சுஹைலாவின் கையில் இருந்த ஊதாப்பூ பாயில் விழுந்தது. அவள் வேலை பார்க்கும் மரச்சாமான் தொழிற்சாலையில் போன வருஷம் ஒரு மேற்பார்வையாளருக்கு இப்படித்தான் ஓர் அழைப்பிதழ் வந்தது. ஒரே வாரத்தில் அவருடைய சேமிப்பு மொத்தமும் போனது. அதற்குப் பிறகு தொழிற்சாலையில் எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பெடுத்தார்கள்.

அதற்குள் வாசலில் மோட்டார்சைக்கிள் சத்தம். மிஸ்வான் குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சிப் பொட்டலத்தோடு இறங்கினார். மூவார்காரர்கள் காலையிலேயே சாத்தே தின்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை அது இல்லாவிட்டால் மிஸ்வானுக்கு விடிந்ததாகவே கணக்கில்லை. வேர்க்கடலைக் குழம்பு வாசம் அவருக்கு முன்னாலேயே உள்ளே வந்துவிட்டது.

"அபா! போனைக் குடுங்க!"

"காலையிலேயே என்ன திருட்டுப் பயம்?" சிரித்துக்கொண்டே சட்டைப் பையைத் தடவினார். "ஆமா, ராத்திரியிலேர்ந்து இதுக்கு என்னமோ ஆயிடுச்சு. சுடச்சுட இருக்கு. காய்ச்சல் மாதிரி."

சுஹைலா வாங்கியவுடன் முதல் வேலையாக ஃப்ளைட் மோடில் போட்டாள். பிறகு வாட்ஸ்அப்பைத் திறந்தாள். அவள் முகம் வெளுத்ததைச் சல்பியா பார்த்தாள்.

மிஸ்வான் ஓய்வு பெறும்வரை குடிநீர் இலாகாவில் மீட்டர் பார்த்தவர். மூவாரில் எந்த வேலிக்குப் பின்னால் எந்த நாய் இருக்கிறது என்பதுவரை அறிந்தவர். தண்ணீர்க் குழாய் உடைந்தால் கூப்பிட என்று பாதி ஊர் அவர் நம்பரை வைத்திருந்தது, பாதி ஊரின் நம்பர் அவரிடம் இருந்தது. அந்தப் பாதி ஊருக்கும் அவர் பெயரில் ஒரே அழைப்பு போயிருந்தது: 'எங்கள் வீட்டுத் திருமணம். திறந்து பாருங்கள்.'

"நேத்து என்ன அழுத்தினீங்க அபா? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"துக்கிமான் வீட்டுக் கல்யாண அட்டை வந்துச்சு. என்னோட வேலை பார்த்தானே, அவன். அவன் பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் ஆயிடுச்சேன்னு யோசிச்சேன். சரி, பேரனா இருக்கும்னு திறந்தேன்."

"அவர் பேரன் பாலர் பள்ளியில படிக்கிறான்!"

"எனக்கென்ன தெரியும்? 'இது ஆபத்தா இருக்கலாம்'ன்னு போன் சொல்லுச்சு. கல்யாணத்துக்குக் கூப்பிடறவனைப் போயி ஆபத்துங்கறதா? மரியாதையா இருக்குமா? பரவாயில்லைன்னு அழுத்தினேன். அப்புறம் 'உன் மெசேஜெல்லாம் படிக்கட்டுமா?'ன்னு கேட்டுச்சு. படிச்சுட்டுப் போகட்டும், என்கிட்ட என்ன ரகசியம்?"

"அய்யோ அபா!"

"நீதானே சொன்னே?" அவர் குரல் தாழ்ந்தது. "போன மாசம் எனக்குச் சொல்லிக் குடுத்தப்ப, 'பயப்படாதீங்க அபா, எது வந்தாலும் ஓகே அழுத்துங்க'ன்னு?"

சுஹைலா அப்படிச் சொன்னது உண்மைதான். தொல்லை தீரட்டும் என்று அவசரத்தில் சொன்னது.

சல்பியா எழுந்து மடியில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள். "யார் சொன்னது, யார் அழுத்தினதுன்னு அப்புறம் பேசலாம். பேங்க்ல சமையல்காரருக்குக் குடுக்க வேண்டிய பணம் இருக்கு. முதல்ல அவங்களக் கூப்பிடு. என் போன்ல கூப்பிடு."

பேங்க் தொலைபேசியில் இசை ஓடிக்கொண்டே இருந்தது. மிஸ்வான் சாத்தே தட்டைப் பிடித்தபடி நின்றார். ஒரு குச்சியைக்கூட அவர் தொடவில்லை. இந்த மனிதர் சாப்பாட்டுக்கு முன்னால் இப்படி நின்று சல்பியா பார்த்தது, மூத்த மகள் பிரசவ வார்டில் இருந்த அன்று மட்டும்தான்.

ஒருவழியாக ஒரு பெண் பேசினாள். மிஸ்வானை மரியாதையாகப் 'பாக்' என்றாள். கணக்கைத் தட்டிப் பார்த்தாள். விடியற்காலையில் யாரோ மிஸ்வானின் கணக்கை வேறொரு போனில் திறக்க முயன்றிருக்கிறார்கள். மிஸ்வானுக்கு வந்த ரகசிய எண்ணும் அவர்கள் கைக்குப் போயிருக்கிறது. ஆனால் புதுப் போன் என்றால் அரைநாள் காத்திருக்கவைப்பது அந்தப் பேங்கின் வழக்கம். அந்தக் காத்திருப்பு இன்னும் முடியவில்லை.

"பணம் அப்படியே இருக்கு பாக். இப்பவே பூட்டிட்டேன். நாளைக்கு அடையாள அட்டையோட நேர்ல வாங்க."

"அல்ஹம்துலில்லா" என்று மூன்று பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். மிஸ்வான் அப்போதுதான் ஒரு சாத்தேயைக் கடித்தார். ஆறிப்போயிருந்தது. அதற்காக ஒன்றோடு நிறுத்தவில்லை.

கடைத்தெருவில் சியோங்கின் போன் கடை ஞாயிறன்றும் திறந்திருக்கும். மூன்று பேரும் போனார்கள். சியோங் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுப் போனைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த வாரத்துல இது எத்தனாவது அட்டையோ பாக். ஊர்ல இத்தனை கல்யாணம் உண்மையிலேயே நடந்தா மண்டபக்காரன் பணக்காரனாயிடுவான்."

"என்ன மருந்து இருக்கோ எல்லாத்தையும் போட்டுடு" என்றார் மிஸ்வான். "விலை ஜாஸ்தியானதே போடு. இனிமே எந்த வைரஸும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது."

"போன்ல வைரஸே வராதும்பாங்களே, அது கம்ப்யூட்டருக்குத்தான்னு?" என்று கேட்டாள் சல்பியா.

"எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் அப்படித்தான் சொல்றாங்க" என்றாள் சுஹைலா. "மீதிப் பேர் மருந்து போடாத போனைக் கையால தொடாதேங்கறாங்க. நீங்களே சொல்லுங்க அங்கிள். வேணுமா, வேணாமா?"

சியோங் விற்க வேண்டிய ஆள். அவருக்குப் பின்னால் சுவரில் அந்த ஆன்டிவைரஸ் மருந்துப் பெட்டிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் ஒரு நொடி அவற்றைத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்கினா வேணாம்னு சொல்ல மாட்டேன். சில வைரஸை அது பிடிக்கும். யோசிக்காம எதையும் அழுத்தறவங்களுக்கு நல்லதுதான். ஆனா காவல்காரன் ஒருத்தன் ஏற்கெனவே இதுக்குள்ள இருக்கான். நேத்து அவன் உங்களை மறிச்சான் பாக். 'ஆபத்து'ன்னு சொன்னான். நீங்க அவன் தோளைத் தட்டிட்டு விருந்தாளியைக் கூட்டிட்டுப் போயிட்டீங்க. இன்னொரு காவல்காரனை வச்சாலும் அவன் தோளையும் தட்டுவீங்க."

மிஸ்வான் தலையைச் சொறிந்தார்.

"அது இருக்கட்டும், அப்டேட் எப்பப் போட்டீங்க?"

"அது வாங்கின நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கு. 'அப்புறம்'னு அழுத்திடுவேன்."

"கேட்டியா மக்!" சுஹைலா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "திருடனுக்கு ஓகே. காவல்காரனுக்கு அப்புறம்."

கடைக்குள் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்வானும் சிரித்தார். அவரிடம் உள்ள நல்ல குணம் அது. தன்னை வைத்துச் சிரித்தாலும் அவர்தான் முதலில் சிரிப்பார்.

சியோங் படங்களை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, போனை முழுசாகத் துடைத்தார். வாட்ஸ்அப்பைத் திரும்ப மிஸ்வானின் கைக்குக் கொண்டுவந்து அதற்கு ஒரு பூட்டும் போட்டார். விட்டுப்போன அப்டேட்களையெல்லாம் ஏற்றினார். கடைசியில் மிஸ்வான் பெட்டி எதுவும் வாங்கவில்லை. போனுக்கு ஓர் உறை மட்டும் வாங்கினார், சும்மா போவது மரியாதையாக இருக்காது என்று.

காருக்குத் திரும்பும்போதே சுஹைலா எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டாள். 'அபா பெயரில் வந்த அழைப்பைத் திறக்காதீர்கள். அது பொய். திறந்திருந்தால் உடனே பேங்குக்குச் சொல்லுங்கள்.' அந்தச் செய்தி ஊருக்குள் பரவ அதிக நேரம் ஆகவில்லை.

அங்கேதான் அடுத்த சிக்கல் ஆரம்பித்தது.

மத்தியானத் தொழுகை முடிந்ததும், பிஸ்மில்லா சொல்லி, சுஹைலா தன்னுடைய உண்மையான அழைப்பிதழை அனுப்பினாள். பூ மலரும் அட்டை. பாட்டுக்கூட அவளே தேர்ந்தெடுத்தது.

யாரும் திறக்கவில்லை.

திறக்கவில்லை என்பதோடு போகவில்லை. "இன்னொண்ணு வந்திருக்கு, ஜாக்கிரதை!" என்று மிஸ்வான் வீட்டாரையே எச்சரித்து நான்கைந்து பேர் செய்தி அனுப்பினார்கள். மசூதிக் குழுவில் ஒருவர் சிவப்புக் கோடு போட்டுப் படமாகவே வெளியிட்டுவிட்டார்: 'போலி. தொடாதீர்கள்.' சுஹைலாவின் பெயரும் மாப்பிள்ளை பெயரும் அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே தெளிவாகத் தெரிந்தன.

மாலைத் தொழுகைக்கு முன் சமையல்காரரே சல்பியாவைக் கூப்பிட்டு, மரியாதையாக 'இபு' போட்டுப் பேசினார். "இபு, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக் கல்யாணம் பொய்யின்னு சொல்றாங்களே, நான் மாட்டுக்குச் சொல்லி வைக்கட்டுமா, வேணாமா?"

"பொய்யா? என் மக கல்யாணம் பொய்யா?" சல்பியாவின் குரல் பின்தெரு வரை கேட்டிருக்கும். "மாட்டுக்குச் சொல்லுங்க! பெரிய மாடாவே சொல்லுங்க!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், சுஹைலா ஊதாத் துணிக்குவியலுக்கு நடுவில் முழங்காலில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"யாருமே வர மாட்டாங்க மக். குளுவாங்லேர்ந்து அவங்க எல்லாம் வந்து உக்காருவாங்க. நம்ம பக்கம் காலி நாற்காலி. நான்தான் அட்டை வேணாம்னேன். நான்தான் அபாவை ஓகே அழுத்தச் சொன்னேன்."

சல்பியாவுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நான் அன்றே சொன்னேனே என்ற சந்தோஷம். மகளின் குலுங்கும் தோளைப் பார்த்ததும் அதற்கே வெட்கமாகி உள்ளே போய்விட்டது. அவள் பாயில் உட்கார்ந்து மகளின் தலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"பைத்தியமா நீ? வாயில்லாத ஊரா இது? அபாவுக்கும் எனக்கும் நாலு கால் இருக்கு. போய்க் கூப்பிட்டா வரமாட்டேன்னு எவன் சொல்வான்?"

"வீடு வீடாவா?"

"வீடு வீடாத்தான். நானே நேர்ல போய் நின்னா, இவ போலின்னு சிவப்புக் கோடு போட முடியுமா?"

சுஹைலாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து மூக்கடைத்துக்கொண்டது. "நான் கார் ஓட்டறேன்."

"மணப்பொண்ணு வீடு வீடாச் சுத்தினா ஊர் சிரிக்கும். நீ பூ கட்டு. அபாங்! வண்டிய எடுங்க!" என்று கணவனைக் கூப்பிட்டாள்.

சல்பியா அலமாரியைத் திறந்து பச்சைச் சரிகை வைத்த தலைத்துணியை எடுத்தாள். கல்யாணம் நிச்சயமானதுமே வாங்கியது. மகள் கல்யாணத்துக்கு ஊரைக் கூப்பிடப் போகும்போது கட்டிக்கொள்ள என்று வாங்கினாள். போன் அட்டை என்று முடிவானபோது மடித்து அடியில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது கண்ணாடி முன் நின்று குண்டூசி குத்திக்கொள்ளும்போது, தன் முகம் இப்படி மலர்ந்திருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று இருந்தது.

மிஸ்வான் வாசலில் இருந்து பார்த்துவிட்டார். "யாரு இந்தப் பொண்ணு? எனக்குத்தான் அட்டை வரலையே!"

"பேசாம ஓட்டுங்க. நாளைக்கு வைரஸ் வந்தா உங்களுக்குத்தான் முதல்ல மருந்து வாங்கணும்."

அன்று சாயங்காலம் அவர்கள் போன வீடுகளுக்குக் கணக்கில்லை. மிஸ்வானுக்கு எல்லாச் சந்தும் மனப்பாடம். "இந்த வீட்டு மீட்டர் கோழிக்கூண்டுக்குப் பின்னாடி. அந்த வீட்டுல நாய் கடிக்காது, பாட்டி கடிப்பா." ஒவ்வொரு வாசலிலும், "மிஸ்வான்! மீட்டர் பாக்கவா?" என்ற அதே கேள்வி. ஒவ்வொரு முறையும், "இந்தத் தடவை மீட்டர் பாக்க வரல, கூப்பிட வந்திருக்கேன்" என்ற அதே பதில். ஒவ்வொரு முறையும் அதை அன்றுதான் யோசித்ததுபோல் சொன்னார்.

உட்காரவைத்தார்கள். தே தாரிக் டீ ஆற்றிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் இலையில் சுட்ட மீன் ஓத்தாக்-ஓத்தாக் கொடுத்தார்கள். எல்லோரும் போனை எடுத்து நீட்டினார்கள். "இது உண்மை அட்டையா பாரு." மிஸ்வான் காலையில் கற்றதையெல்லாம் சியோங்கின் குரலிலேயே எடுத்துவிட்டார். "காவல்காரன் மறிச்சா நில்லுங்க. தோளைத் தட்டாதீங்க." ஒரு வீட்டில் ரபேயாவின் தங்கை, "உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?" என்று வாய்பிளந்தாள். சல்பியா ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாற்போல் வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

கணவனின் முதுகில் சாய்ந்து, ஆற்றோரக் காற்று தலைத்துணியைப் படபடக்கவைக்க, ஊரெல்லாம் தன் மகள் பெயரைச் சொல்லிக்கொண்டு போவது அவளுக்குப் பிடித்திருந்தது. மகளைப் பெற்றதற்கு இன்றைக்குத்தான் முழுச்சம்பளம் வாங்குவதுபோல் இருந்தது.

வண்டி தெற்கே திரும்பியது.

"எங்க போறீங்க?"

அது கடலோரப் பாரிட் ஜாவா ஊருக்குப் போகும் சாலை. அங்கே ஒரே ஒரு வீடுதான் அவர்களுக்கு. அவருடைய மூத்த அக்கா, அவர்கள் 'காக் லோங்' என்று கூப்பிடும் ஜமிலாவின் வீடு.

மூத்த மகளின் கல்யாணத்தின்போது மிஸ்வானுக்கு நேரமில்லை. அக்கா மகனிடமே வாய்ச்சொல்லாகச் சொல்லியனுப்பிவிட்டார். "ஆள்விட்டுச் சொல்ற அளவுக்கு நான் அன்னியமாயிட்டேனா?" என்றாள் ஜமிலா. கல்யாணத்துக்கு வரவில்லை. அன்றிலிருந்து பெருநாளுக்குக்கூட இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. இந்த முறை எப்படி அழைப்பது என்று யாருக்கும் தெரியாததால் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

மிஸ்வான் வண்டியை நிறுத்திச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியல பியா. வாசல்ல போய் நிப்போம். மிச்சம் வாய்க்கு வரும்."

ஸலாம் சொன்னதும் கதவு திறந்தது. ஜமிலா நின்றாள். தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பொரிந்தாள்.

"வந்துட்டியா? அட்டை அனுப்பினா ஒழுங்கா அனுப்பத் தெரியாதா? நேத்து சாயங்காலத்துலேர்ந்து அழுத்தறேன், அழுத்தறேன், ஒரு பூவும் வரல, ஒரு எழுத்தும் வரல!"

"காக் லோங்" என்றாள் சல்பியா மெதுவாக. "அது கேட்டதுக்கெல்லாம் நீங்க சரின்னு அழுத்தினீங்களா?"

"அழுத்தாம? என் தம்பி கூப்பிட்டிருக்கான். எத்தனை வருஷம் கழிச்சு! அது என்ன கேட்டாலும் சரிதான்னு அழுத்தினேன். 'ஆபத்து'ன்னுச்சு. என் தம்பி அட்டையில என்ன ஆபத்துன்னு அதையும் அழுத்தினேன்." குரல் உடைந்தது. மறைக்க இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "தையல்காரிகிட்ட துணிகூடக் குடுத்துட்டேன். ஊதாதானே நிறம்? ரபேயா சொன்னா."

மிஸ்வான் இரண்டெட்டில் போய் அக்காவின் கையைப் பிடித்து, குனிந்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். வெகுநேரம் நிமிரவில்லை. ஜமிலா அவர் பிடரியில் ஒரு தட்டுத் தட்டினாள். "நரைச்சுப்போச்சு பாரு" என்றாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் தேவைப்படவில்லை.

'கேடுகெட்ட அட்டையே, நீ நல்லா இரு' என்று சல்பியா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

உள்ளே அசாம் பெடாஸ் மீன்குழம்பு கொதிக்கும் புளிவாசம். உட்கார்ந்தவுடன் மிஸ்வான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிபுணரானார். "போனைக் குடு காக் லோங். முதல்ல ஃப்ளைட் மோட்! பியா, உன் போன்ல இவ பேங்கைக் கூப்பிடு."

"என் போன்ல ஏது பேங்க்? நான் இன்னும் பேங்க் புத்தகத்தை எடுத்துக்கிட்டு நேர்லதான் போறேன்" என்றாள் அக்கா.

"அப்ப தப்பிச்சே. நாளைக்குச் சியோங்கிட்ட கூட்டிட்டுப் போறேன். ஆனா இந்தப் போன்லேர்ந்தும் அட்டை எல்லாருக்கும் போயிருக்கும். அவங்களுக்கெல்லாம் சொல்லணும்."

"அது தானா யாருக்கு அனுப்புச்சோ எனக்குத் தெரியாது" என்றாள் ஜமிலா, சோற்றைப் பரிமாறிக்கொண்டே. "என் கையால ஒருத்திக்குத்தான் அனுப்பினேன். சந்தோஷத்துல."

"யாருக்கு?"

"ஃபரீதாவுக்கு."

மிஸ்வானின் கை சோற்றில் நின்றது.

சல்பியாவுக்கு அந்தப் பெயர் தெரியும். மிஸ்வானுக்கு முதலில் பேசி முடித்த பெண். மோதிரம்கூட மாற்றியிருந்தார்கள். பிறகு ஏதோ ஆகி அது நின்றது. என்ன ஆனது என்று யாரும் முழுசாகச் சொன்னதில்லை. அடுத்த வருஷம் சல்பியா இந்தக் குடும்பத்துக்கு வந்தாள். ஃபரீதா மெலாகாவில் இருக்கிறாள் என்பதோடு அந்தக் கதை இந்த வீட்டில் மூடப்பட்டது.

"அவ என் சிநேகிதி. உங்களுக்காக நான் அவளை விடணுமா?" என்றாள் ஜமிலா. "பாவம், அவளும் இந்நேரம் அழுத்தியிருப்பா."

மிஸ்வான் சல்பியாவைப் பார்த்தார். சல்பியா கை கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"நம்பர் சொல்லுங்க காக் லோங். நான் பேசறேன்."

"நீயா?" என்றார் மிஸ்வான்.

"நீங்க பேசினா போலின்னு நினைச்சுக்குவாங்க."

படிக்கட்டில் உட்கார்ந்து எண்களை அழுத்தினாள். கடல் பக்கம் வானம் சிவந்திருந்தது. இரண்டு முறை மணி அடித்ததும் எடுத்துவிட்டார்கள். அமைதியான குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் சல்பியா. மூவார் மிஸ்வான் வீட்டுலேர்ந்து. ஜமிலா அக்கா அனுப்பின அட்டையைத் திறந்துடாதீங்க, அது—"

மறுமுனையில் சிரிப்பு. "திறக்கல சல்பியா. உங்க வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். அட்டையெல்லாம் அனுப்பற ஆளா அவர்?"

சல்பியாவும் சிரித்துவிட்டாள். இந்தப் பெண்ணோடு சேர்ந்து சிரிப்போம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

"அப்ப நான் கூப்பிடறேன். எங்க சின்னவ கல்யாணம். நீங்க வரணும்."

"வர்றேன். ஆனா அதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் தனியாப் பாக்கணும் சல்பியா. உங்க அம்மா கண்ணை மூடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு பொருளைக் குடுத்து வச்சாங்க. உங்க சின்ன மக கல்யாணத்தப்ப உங்க கையில சேர்க்கச் சொல்லி."

உள்ளே அக்காவும் தம்பியும் போனை நடுவில் வைத்துக்கொண்டு எந்தப் பொத்தான் எது என்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சல்பியா தலைத்துணியின் பச்சை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். ஃபரீதா என்ற பெயரை அவள் அம்மா வாயால் ஒருமுறைகூட அவள் கேட்டதில்லை.

"எங்க வரட்டும்?" என்று கேட்டாள்.